பேய் ஓட்டலுக்குத் திருஷ்டி கழித்த கதை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். அபாண்டம்! மூளை இருக்கிறது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பைபாஸ் ரோட்டில் பொழுதுபோக்குப் பூங்கா நடத்தும் சுந்தரவதனம் முதலாளிகூட, பேய் ஓட்டல் கட்டுகிற வேலையைக் கல்யாணப் பந்தல் போடும் தங்கமாயனிடம்தான் கொடுத்தார். முதலாளியும் எங்கள் ஊர்தானே.

"சனங்க வண்டியில உக்காந்து தண்டவாளத்துல ஓட்டலுக்குள்ள ஒரு சுத்து சுத்தி வரணும். நூறு வருசமா ஆள் புழங்காத மாதிரி ஒரே தூசியா இருக்கணும். பேய் மேல வந்து பாயணும். முதல்ல நான்தான் ஏறுவேன். நானே அலறணும்," என்றார் முதலாளி.

தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த தங்கமாயன் தலையில் அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் குண்டைப் போட்டாள். "முகூர்த்தத்துக்கு மறுநாள் பந்தல் போட்ட ஆளுதானே நீ? முதலாளி மட்டும் அலறலேன்னா, எங்கண்ணன் மில்லுல மூட்டை தூக்கப் போயிரணும், சொல்லிட்டேன்."

பொங்கலுக்குப் பொங்கல் மாமியார் வீட்டில் முறுக்கிக்கொண்டு உட்காருகிற மாப்பிள்ளை, மச்சான் முன்னால் மூட்டை தூக்குவதா? மானம் கப்பலேறிவிடாதா?

வேலை மும்முரமாக நடந்தது. வண்டி வண்டியாகத் தூசி கொண்டுவந்து ஓட்டல் முழுக்கத் தூவினார்கள். கூட்டாளி மொக்கச்சாமி குனிந்து பார்த்தான்.

"அண்ணே, ரோட்டுத் தூசி பறந்து வந்து நம்ம தூசி மேல விழுதே. அழுக்காயிராது?"

"அட, ஆமால்ல!"

தூசியைப் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினார்கள். ஷீட்டைத் துடைக்க ஓர் ஆளும் போட்டார்கள்.

கட்டிலில் எலும்புக்கூட்டைக் கிடத்தினார்கள். பந்தல்காரர்கள் வந்தவர்களைக் கவனித்துப் பழகியவர்கள், சும்மா விட மனசு வருமா? தலைக்கு ஒரு தலையணை வைத்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் வைத்தார்கள்.

வேலை முடிந்தால் திருஷ்டி கழிப்பது வழக்கம். பூசணிக்காய் உடைத்து, வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். "இனிமே எந்தக் காத்துக்கருப்பும் உள்ள அண்டாது," என்று தங்கமாயன் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

முதலாளி வருகிற நேரம். பேய் வேஷம் போட்ட ஒச்சப்பன் வெள்ளைச் சேலையும் சவுரி முடியுமாக வாசலிலேயே நின்றான்.

"ஏண்டா, உள்ள போகல?"

"எப்படிண்ணே போறது? நான் பேயி. வாசல்ல எலுமிச்சம்பழம் தொங்குது."

மூவரும் வாசலிலேயே உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கழட்டிருவமா?" என்றான் மொக்கச்சாமி.

"கழட்டினா நிஜப் பேய் உள்ள வந்துராதா? வர்ற சனத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றான் தங்கமாயன்.

நியாயம்தானே! பேய் வெளியே நிற்பது என்று முடிவானது.

முதலாளி ஏறினார். மொக்கச்சாமி சுவிட்சைப் போட்டான். வண்டி உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வெளியே வந்ததும் நிறுத்தினான். பந்தல் வாசலில் பன்னீர் தெளித்துப் பழகிய ஒச்சப்பன், பழக்கதோஷத்தில் கும்பிட்டு, "வாங்க முதலாளி, சாப்பிட்டுத்தான் போகணும்," என்றான்.

"உள்ள குளுகுளுன்னு சுத்தபத்தமா இருக்குய்யா. கண்ணு சொக்கிருச்சு," என்றார் முதலாளி.

தங்கமாயன் பொலபொலவென்று அழுதுவிட்டான். "முதலாளி, என் பொழைப்பே உங்க அலறல்லதான் இருக்கு. ஒரே ஒரு தடவை அலறுங்க சாமி!"

முதலாளிக்கு இளகின மனசு. "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? வண்டியை விடு. நீ போதும்னு சொல்ற வரைக்கும் அலறுறேன்."

வண்டி உள்ளே போனது. ஆஹா, என்ன ஒரு அலறல்! மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்துவிட்டது. தங்கமாயனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது ஒச்சப்பன் மெல்லச் சொன்னான்.

"அண்ணே, பேய் நான் இங்கதானே நிக்கிறேன்? அவரு உள்ள எதைப் பார்த்து அலறுறாரு?"

மூன்று பேர் முகமும் வெளுத்தது.

"எலுமிச்சம்பழம் கட்டுறதுக்கு முன்னாடியே ஒண்ணு உள்ள போயிருக்கும்ணே. இப்ப வெளிய வர முடியாம மாட்டிக்கிருச்சு!" என்றான் மொக்கச்சாமி.

எடுத்தார்கள் ஓட்டம். தங்கமாயன் வீட்டு வாசலில் வந்து விழுந்தான்.

"பேச்சி! முதலாளி அலறிட்டாரு! நான் மில்லுக்குப் போக வேண்டாம்!"

"அதுக்கேன்யா இப்படி ஓடியாறே?"

"உள்ள நிஜப் பேய் இருக்குடி!"

பேச்சியம்மாள் அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். விஷயம் பரவியதும் ஊரே சாத்திக்கொண்டது. நாங்கள் மட்டும் என்ன, கட்டிலுக்கு அடியில்தான் இருந்தோம்.

சுவிட்சை நிறுத்தத்தான் ஆளில்லை. வண்டி ஒவ்வொரு தடவை வாசலுக்கு வரும்போதும் முதலாளி தலையை நீட்டி, தொண்டை கட்டின குரலில், "போதுமா தங்கமாயா?" என்று கேட்கிறாராம். பதில் வராததால், வாக்கு கொடுத்த மனுஷன், மறுபடியும் அலறிக்கொண்டே உள்ளே போகிறாராம்.