தெய்வானையின் நாற்பத்து மூன்று படங்கள்

குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, மரப்படி ஏறிப் போகும் ஒற்றை அறையில் ஒரு குரு இருந்தாள். பெயர் பர்வீன். வயது முப்பத்து நாலு. பழைய லென்ஸ்களைக் கழற்றி, பூஞ்சை துடைத்து, கிரீஸ் மாற்றிப் பூட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. அவற்றை இன்றைய கேமராவில் மாட்டிக் கையால் திருகிப் படம் எடுப்பது எப்படி என்று, தேடி வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள்.

சீடர் குப்புராஜுக்கு அறுபத்து மூன்று. உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் குவிலென்ஸ் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பர்வீனுக்கும் அவர்தான் நடத்தினார். அவள் முட்டி மோதித்தான் பாஸானாள். காலம் நாற்காலிகளை இப்படி இடம் மாற்றிப் போடும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம்.

மனைவி தெய்வானைக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த அன்று சாயங்காலம், வெந்நீர் கேட்கிற மாதிரி சாவகாசமாகச் சொன்னாள்.

"ஏனுங்க, நான் போனதுக்கப்புறம் அந்த அடையாள அட்டைப் படத்தைப் பெருசு பண்ணி மாலை போட்டுடாதீங்க. அதுல நான் கோழி திருடிப் பிடிபட்டவளாட்ட இருக்கேன்."

குப்புராஜ் சிரித்தார். சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் நின்றார். அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தார். பயமாக இருந்தது.

போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். அவள் முகத்துச் சுருக்கத்தையெல்லாம் போன் வழித்துத் துடைத்துவிட்டிருந்தது.

"இது யாரு, உங்க ரெண்டாம் தாரமா?" என்றாள் தெய்வானை. அவர் அதை அப்போதே அழித்துவிட்டார்.

மஸ்கட்டில் இருக்கும் மகன் போன முறை வந்தபோது விட்டுப்போன சின்னக் கேமரா ஒன்று பீரோவில் கிடந்தது. அதன் லென்ஸில் மோட்டார் செத்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டுதான் அவர் அந்த மரப்படியில் ஏறினார்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட பர்வீன், செத்த லென்ஸைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு வளையம் கொடுத்து, ஐம்பது வருடப் பழைய ருஷ்ய லென்ஸ் ஒன்றை அங்கே திருகி மாட்டினாள். உள்ளங்கை அகலக் கேமராவுக்குத் திடீரென்று யானைத் துதிக்கை முளைத்த மாதிரி இருந்தது.

"லென்ஸே இல்லைன்னு எழுதிக் காட்டுதே, பர்வீன்?"

"அதுக்குத் தெரிஞ்ச லென்ஸ் இல்ல சார். 'லென்ஸ் இல்லாட்டியும் பரவால்ல, எடு'ன்னு மெனுவுல சொல்லிடணும். அப்புறம் அது எதுலயும் தலையிடாது. எல்லாம் உங்க கைதான்."

இந்தப் பட்டனை அமுக்கினால் ஒரு கண் மட்டும் திரை முழுக்கப் பெரிதாக வரும். இமை முடி ஒவ்வொன்றும் பிரிந்து தெரிகிற வரைக்கும் லென்ஸ் மேலுள்ள வளையத்தைத் திருக வேண்டும். திரும்பப் பட்டனை அமுக்கினால் முழு முகமும் வரும். அப்புறம் எடுக்க வேண்டியதுதான். அவள் சொன்னது இவ்வளவே.

"குவியத் தொலைவு, பிம்பத் தொலைவு, அதானே. தெரியும் தெரியும்" என்றார் குப்புராஜ். பழக்கதோஷம்.

மூன்று வாரம் கழித்து, அடை மழையில் குடையை மடக்கி உதறிக்கொண்டே படியேறி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"நீ நடுவுல கொடுத்த வளையத்துல கோளாறும்மா. அரை மில்லிமீட்டர் தப்பு இருக்கணும். நாற்பத்து மூணு படம் எடுத்துட்டேன். ஒண்ணுலகூட அவ முகம் தெளிவா விழலை."

பர்வீன் வாதாடவில்லை. ஒரு செய்தித்தாளை மேசையில் சாய்வாக நிறுத்தினாள். நடுவில் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டாள்.

"இந்த வரியை எடுங்க சார்."

எடுத்தார். அந்த வரி கத்தி மாதிரி விழுந்திருந்தது. அதற்கு மேல் வரியும் கீழ் வரியும் கலங்கியிருந்தன.

"வளையம் சரி" என்றாள்.

"அப்ப லென்ஸ்?"

"அதுவும் சரி. அம்மா படத்தைக் காட்டுங்க."

கணினித் திரையில் நாற்பத்து மூன்று தெய்வானைகள் வந்தார்கள். கட்டிலில் தலையணையை முதுகுக்கு அணைகொடுத்து, சால்வை போர்த்தி, அவரையே பார்த்துக்கொண்டு. எல்லா முகமும் பனிக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற முகமாகவே இருந்தது.

"இதுல எது தெளிவா இருக்கு, சார்?"

"எதுவும் இல்லைங்கிறேன்."

"முகத்தை விடுங்க. வேற எதாவது?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் படத்தில் சால்வையின் ஓர நூல் தெளிவாக இருந்தது. அடுத்ததில் ஜாக்கெட்டின் மேல் ஊக்கு. அதற்கடுத்ததில் நெஞ்சுக்கு நேரே அவள் பிடித்திருந்த டம்ளர். அதன் விளிம்பில் ஒட்டியிருந்த கஞ்சிப் பருக்கைகூட எண்ணும்படி இருந்தது. இப்படியே போயிற்று. எல்லாப் படத்திலும் முகத்துக்கு முன்னால், அவர் பக்கமாக, ஒரு சாண் தள்ளித்தான் தெளிவு விழுந்திருந்தது.

"அதெப்படி? நான் கண்ணுலதானே தெளிவு வச்சேன்?"

பர்வீன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். அவர் கொண்டுவந்த குடையை, அவர் முதுகில் பட்டும் படாமலும், பின்னால் தட்டைக் கைப்பிடி கீழே இருக்கச் செங்குத்தாக நிறுத்தினாள்.

"முதல்ல அந்த ஃபிளாஸ்க்கை எடுங்க."

எடுத்தார். குடை அப்படியே நின்றது. ஃபிளாஸ்க் தெளிவாக விழுந்தது.

"இப்ப அம்மாவை எடுங்க."

கணினித் திரையில் தெய்வானையின் முகத்தை மட்டும் பெரிதாக்கி வைத்தாள். குப்புராஜ் கேமராவைத் தூக்கினார். பட்டனை அமுக்கினார். ஒரு கண் வந்தது. வெளுத்துப்போய், கீழிமை வீங்கி, ஆனாலும் அவள் கண். பொறுமையாகத் திருகினார். கலங்கிய படம்தான், ஆனால் திரையின் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. திரும்ப அமுக்கினார். முழு முகம் வந்தது. எடுத்தார்.

பின்னால் குடை சடாரென்று தரையில் விழுந்தது.

"வழுக்கிடுச்சு போல" என்றார்.

பர்வீன் எடுத்து நிறுத்தினாள். மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது.

மூன்றாவது முறை அவள் நிறுத்தப் போனபோது, "வேண்டாம்மா" என்றார்.

கீழே பேக்கரியில் வர்க்கி வேகும் வாசனை வந்தது. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திருகிப் பிடிக்கிற வரைக்கும் உடம்பு சொன்ன பேச்சுக் கேட்கிறது. முகம் முழுசாக வந்ததும் அதுவாகப் பின்னால் போகிறது; தெளிவும் அதோடு ஒரு சாண் பின்னால் வந்துவிடுகிறது. கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து நாற்பத்து மூன்று தடவையும் இதைத்தான் செய்திருக்கிறோம், அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

வாத்தியார் குரலில் கேட்டார். "முதுகைச் சுவத்துல ஒட்டிக்கிட்டு உட்கார்ந்தா?"

"உட்காரலாம் சார். பின்னாடி போக முடியாது."

"அது போதுமா?"

"படத்துக்குப் போதும்" என்றாள் பர்வீன்.

மறுநாளே கட்டிலைச் சுவருக்கு எதிராகத் திருப்பினார். முக்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டார். முதுகை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பகல் மூன்று மணிதான். ஆனால் மேகம் ஜன்னல் வரைக்கும் இறங்கி வந்து நின்றது. தெய்வானை இரண்டு நாளாகக் கஞ்சிகூடக் குடிக்கவில்லை.

பட்டனை அமுக்கினார். கண் வந்தது. திருகினார். இமை முடிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. திரும்ப அமுக்கினார். முழு முகம் வந்தது. உடம்பு பின்னால் போகப் பார்த்தது. சுவர் விடவில்லை. முகம் அப்படியே தெளிவாக நின்றது. வகிட்டில் குங்குமம் கொஞ்சம் கோணலாக இருந்தது. காலையில் அவரே வைத்துவிட்டது. விரல் பட்டன் மேல் இருந்தது.

"ஏனுங்க" என்றாள் தெய்வானை. "எங்க இருக்கறீங்க?"

"இங்கதான், உனக்கு நேரா இருக்கேன்."

"மொகம் தெரியலையே."

"லைட்டைப் போடட்டுமா?"

"லைட்டு எரிஞ்சுட்டுத்தான் இருக்குது. நீங்கதான் தூரமா இருக்கறீங்க. கிட்ட வாங்க."

"ஒரே ஒரு நிமிஷம் இரு சாமி. இதோ ஆச்சு."

"ஒரு நிமிஷமெல்லாம் வேண்டாம்" என்றாள். "வாங்க."

குப்புராஜ் எழுந்தார்.

அடுத்த நாள் காலையில் தெய்வானை இல்லை.

கருமாதி முடிந்து, மஸ்கட்டில் இருந்து வந்த மகனும் திரும்பிப் போன பிறகு, ஒரு புதன்கிழமை அவர் மரப்படி ஏறினார். நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். பர்வீன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கேமராவை மேசைமேல் வைத்தார்.

"சுவத்துல அடையாள அட்டைப் படம்தாம்மா தொங்குது" என்றார். "பையன் கேட்டான், அப்பா வேற படமே இல்லையான்னு. என்கிட்ட இருந்ததெல்லாம் சால்வையும் டம்ளரும். அவனே பெருசு பண்ணிக் கொண்டுவந்து மாட்டிட்டான். நாற்பது வருஷத்துல அவ என்னை அது வேணும் இது வேணும்னு கேட்டதில்ல. இது ஒண்ணுதான் கேட்டா. அதைக்கூட நான் செய்யலை."

கண்ணீர் வந்தது. அவர் துடைக்கவில்லை. பழைய மாணவி முன்னால் அழுகிறோம் என்று கூச்சப்படுகிற கட்டத்தை அவர் தாண்டியிருந்தார்.

கேமராவை அவள் பக்கம் நகர்த்தி, "கடைசியா ஒண்ணு இருக்குது. பாரு" என்றார்.

பர்வீன் அதைத் திரையில் திறந்தாள். சாம்பலும் பழுப்புமாக ஒரே கலங்கல். கீழே ஒரு கறுப்புத் தீற்று, நடுவில் மங்கலாக ஒரு சிவப்பு. முகமா, சுவரா, கையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பெரிதாக்கி, ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரைக்கும் தேடினாள். ஒரு நூல், ஒரு முடிகூடத் தெளிவாக இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

"இது எப்ப எடுத்தது சார்?"

"நான் எடுக்கலை. அவ கூப்பிட்டான்னு கிட்டப் போனேன். கேமரா கையிலயே இருந்திருக்குது. அவ தடவிப் பார்த்துட்டு, 'நடுவுல இது யாருங்க?'ன்னு கேட்டா. அப்ப அமுங்கியிருக்கும்."

"அப்புறம்?"

"கீழ வச்சுட்டேன். என் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பார்த்தா. 'ஷேவ் பண்ணலையா?'ன்னா. அப்புறம் பேசலை."

பர்வீன் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"கிட்டன்னா எவ்வளவு கிட்ட?"

குப்புராஜ் தன் முகத்துக்கு முன்னால் கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண்கூட இல்லை.

"இந்த லென்ஸுக்கு அரை மீட்டர்தான் எல்லை சார். அதுக்கு உள்ள வந்துட்டா, எவ்வளவு திருகினாலும் அதுக்குக் கண் தெரியாது."

"அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்?"

"படம் வேணும்னா சுவத்தோரமே இருந்திருக்கணும்."

"அமுக்கிட்டாவது எந்திரிச்சிருக்கலாம்" என்றார். "ஒரே ஒரு செகண்டு."

"எந்திரிச்சிருக்கலாம்."

அவர் கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லென்ஸ் வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார்.

"அவ கூப்பிட்டாம்மா" என்றார்.

"அதனாலதான் சார் படம் இல்ல" என்றாள் பர்வீன்.