விராலுக்கு மண்புழு

“சார், ஏன் இன்னும் ஒண்ணுமே சாகல?”

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாளாக இதையேதான் கேட்டார்கள். உயிரியல் ஆசிரியர் கோமதிநாயகம் தினமும் மீன்களை எண்ணிப் பார்த்தார்.

வகுப்பறைக் கண்ணாடித் தொட்டியில் பத்து மினுக்குக் கப்பி மீன், பத்து மங்கல் கப்பி மீன், கூட ஒரு விரால் குட்டியையும் விட்டிருந்தார். மினுக்குவது கண்ணில் படும், விரால் தின்னும். மங்கல் பிழைக்கும். இயற்கைத் தேர்வை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. விராலுக்குத்தான் அது புரியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க, வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வருமுன்னே வந்து கதவோரம் மறைந்து நின்றார்.

முத்துப்பேச்சி வந்தாள். கடைசி பெஞ்சுக்காரி. பொட்டலத்தைப் பிரித்து மண்புழுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போட்டாள்.

“என்னம்மா செய்யுத?”

அவள் திடுக்கிட்டாள். ஆனால் பொட்டலத்தை மறைக்கவில்லை.

“பசிச்சாத்தான் திங்கும்னு நீங்கதான சார் சொன்னீங்க. பசிக்காமப் பாத்துக்கிடுதேன்.”

“அப்ப பாடம்?”

“அது புஸ்தகத்துல இருக்குல்லா சார்.”

இருபது வருஷத்து வாத்தியார் தொட்டிக்குள் நெளியும் புழுக்களைப் பார்த்தார்.

“எத்தன நாளைக்கு இப்படிப் போடுவ?”

“நான் இங்க இருக்க வரைக்கும் போடுவேன் சார்.”

அவர் சட்டைப் பையில் அவளுடைய மாற்றுச் சான்றிதழ் இருந்தது. பொதுப்பரீட்சையில் தேறாது என்று தோன்றும் பிள்ளைகளை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டு, நூறு சதவீதம் என்று வாசலில் பேனர் கட்டுவது அந்தப் பள்ளியின் வழக்கம். யார் யாரை அனுப்பலாம் என்று எழுதிக்கொடுத்தவர் இவர்தான். மறுத்தால் தன் வேலை போய்விடும் என்ற பயம்.

கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பயம் விடவில்லை. எடுத்து நீட்டினார்.

முத்துப்பேச்சி வாசித்தாள். நாலாக மடித்துக்கொண்டாள். பொட்டலத்தில் மிச்சமிருந்த இரண்டு புழுக்களையும் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் எட்டு மினுக்குக் கப்பிகளைக் காணோம்.

“சார், புஸ்தகத்துல உள்ளபடியே வந்துட்டு.” பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கோமதிநாயகம் வெளியே போனார். குழாயடியில் குந்தி, வெறுங்கையால் மண்ணைத் தோண்டினார். முழங்கை வரை சேறானது. மணி அடித்த பிறகும் தோண்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு புழுகூட அகப்படவில்லை. எந்த இடத்தில் எடுப்பாய் என்று அவளிடம் அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.