ஒரு கல்லும் நகராத நாற்பது பேர்

முன்னொரு காலத்தில், எந்த வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத நெடுவயல் நாட்டைப் பரிவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காதில் விழுந்த எதையும் அவர் நம்பமாட்டார். தெற்கு மேல்மாடத்தில் ஏறி நின்று கண்ணால் பார்த்ததை மட்டும் உடனே, முழுசாக நம்பிவிடுவார். இரண்டாவது பழக்கம் முதலாவதைவிட ஆபத்தானது என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

ஒரு மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. ஆவுடையாள் என்ற வைத்தியச்சி கஷாயம் காய்ச்சிப் பானை பானையாக நாற்பது ஊர்களுக்கும் அனுப்பினாள். ராஜா மகிழ்ந்து அவளுக்குச் சபையில் ஓர் ஆசனம் கொடுத்தார். அது விடங்கர் என்ற பிரமுகரின் ஆசனத்துக்கு ஒரு முழம் முன்னால் போடப்பட்டது. அந்த ஒரு முழத்தில் விளைந்ததுதான் இவ்வளவும்.

அடுத்த மழை நெருங்கும்போது விடங்கர் ராஜாவிடம் போனார். "மகாராஜா, அவள் காய்ச்சுவது மருந்தல்ல, விஷம். மாடத்துக்கு எழுந்தருளுங்கள், கண்ணாலேயே காட்டுகிறேன்."

கீழே முற்றம் முழுக்கச் சதுரக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. நாற்பது ஊர்த் தலைவர்களும் தென்மேற்கு மூலையில் காத்திருந்தார்கள். விடங்கர் மேலிருந்து கத்தினார்: "உங்கள் ஊருக்கு எத்தனை பானை வந்ததோ, அத்தனை கல் கிழக்கே நடங்கள். காய்ச்சலில் எத்தனை பேர் செத்தார்களோ, அத்தனை கல் வடக்கே நடங்கள். அங்கேயே நில்லுங்கள்!"

நின்றார்கள். ராஜா குனிந்து பார்த்தார்.

தனித்தனியே பார்த்தால், வெயிலில் நெளியும் வழுக்கைத் தலைகளும் நரைத் தலைகளும்தான். சேர்த்துப் பார்த்தால் வேறொன்று. நேர்கோடு என்று சொன்னால் பொய்யாகிவிடும். சிந்திய மாவைக் காற்று ஒரு பக்கமாக ஒதுக்கியதுபோல் ஒரு தடித்த கூட்டம். ஆனால் அது கிழக்கே போகப் போக வடக்கே ஏறிக்கொண்டே போனது. நாற்பது ஊர்களின் ஒரு வருஷத்து அழுகை ஒரே பார்வையில் உருவம் எடுத்து நின்றது.

"பானை கூடக் கூடப் பிணம் கூடுகிறதே!" என்றார் ராஜா. "அவளை நாடு கடத்துங்கள். பானைகளை உடையுங்கள்."

"என்னை அனுப்புங்கள், மகாராஜா," என்றாள் தூணோரம் நின்ற ஆவுடையாள். "பானையை மட்டும் உடைக்காதீர்கள். பத்து நாளில் மழை. பின்னாலேயே காய்ச்சல் வரும்."

அமைச்சர் கூத்தர் தொண்டையைச் செருமினார். "மழை அதிகம் பெய்யும் ஊரில் குடையும் அதிகம், மகாராஜா. மழையை நிறுத்தக் குடைகளை உடைத்துப் பார்க்கலாமா?"

"வார்த்தை வேண்டாம், கூத்தரே. இது கண் பார்த்த விஷயம்."

விடங்கர் சிரித்தார். "அமைச்சருக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால், ஏறுகிற இந்தக் கூட்டத்தை இறங்க வைக்கட்டுமே! ஒருவரையும் ஒரு கல்கூட நகர்த்தாமல்!"

"நல்ல பந்தயம்!" ராஜா கைதட்டினார். "முடியாவிட்டால், கூத்தரே, நீரும் அவளோடு கிளம்பலாம்."

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது: "எதுவானாலும் சீக்கிரம் ஆகட்டும் சாமி, உள்ளங்கால் பொரியுது!"

கூத்தர் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் ராஜாவின் பார்வை படும் இடத்தில் யாரும் தலைப்பாகை கட்டக் கூடாது. அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும்.

"மகாராஜா, கொஞ்ச நேரம் மரியாதையை மறந்துவிடச் சம்மதமா? அவர்கள் தலைப்பாகை கட்டிக்கொள்ளட்டும்."

"அபசாரம்!" என்றார் விடங்கர்.

"வெயிலாவது படாமல் இருக்கும். கட்டட்டும்," என்றார் ராஜா.

நாற்பது தலைப்பாகைகள் ஏறின. ஏரிக்கரை ஊர்களுக்கு நீலம், மேட்டு நிலத்து ஊர்களுக்கு மஞ்சள். வாய்க்கால் தகராறில் யார் எந்தப் பக்கம் என்று தூரத்திலேயே தெரிவதற்காக முன்னோர் வகுத்த சாயம்.

ராஜாவின் விரல்கள் கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றின. கீழே ஒரு கால்விரல்கூட அசையவில்லை. ஆனால் ஒரு கூட்டம் இரண்டாகிவிட்டது. இடப்பக்கம் அருகே மஞ்சள். வலப்பக்கம் தூரத்தில் நீலம். மஞ்சள், கிழக்கே போகப் போகத் தெற்கே இறங்கியது. நீலமும் அப்படியே இறங்கியது. ஒரே நேரத்தில் ஏறவும் இறங்கவும் கூடிய ஒன்றை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"நீலத்தின் உச்சியில் நிற்பவரே, உமக்கு எத்தனை பானை?" என்று ராஜா கீழ்நோக்கிக் கேட்டார்.

"எட்டுங்க. பதினாறு பேர் போயிட்டாங்க."

"அடியில் நிற்பவரே?"

"பதினாலு பானைங்க. ஒன்பது பேர்."

"ஏரிக்கரை ஈரத்தில் காய்ச்சலும் அதிகம், சாவும் அதிகம்," என்றார் கூத்தர். "அதனால்தான் இவள் அங்கே அதிகம் அனுப்பியிருக்கிறாள். சாவு இருக்கும் இடத்தைத் தேடிப் பானை போயிருக்கிறது, மகாராஜா."

"ஒரே நிறத்துக்குள் பார்த்தால், பானை கூடக் கூடச் சாவு குறைகிறதே! அப்படியானால் கஷாயம் உயிர் காக்கிறது! கண்டாயிற்று!"

"தெரியாது, மகாராஜா."

"என்ன, தெரியாதா?"

கூத்தர் ஆவுடையாள் பக்கம் திரும்பினார். "எட்டுப் பானை ஊருக்கு ஏன் எட்டே போனது?"

ஆவுடையாள் சொன்னாள்: "பாலம் உடைந்து கிடக்கிறது. வண்டி போகாது."

"பார்த்தீர்களா? வண்டி போகாத ஊருக்கு அரிசியும் போயிருக்காது. கொன்றது பானைக் குறையா, பட்டினியா? இந்த முற்றத்தில் நாம் பார்க்காத நிறங்கள் இன்னும் எத்தனையோ."

ராஜா மறுபடி கீழே பார்த்தார். ஆழமான கிணற்றை எட்டிப் பார்ப்பவர்போல் ஓர் அடி பின்வாங்கினார். "அப்போது நான் என்னதான் செய்வது?"

"மழைக்கு முன் பாலத்தைக் கட்டத் தொடங்குங்கள், பானையையும் அனுப்புங்கள். எது காப்பாற்றியது என்று பிழைத்தவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தர் கழுத்தில் போட்டார். ஆவுடையாளின் ஆசனம் இன்னும் ஒரு முழம் முன்னே நகர்ந்தது. பிறகு அவர் விடங்கரிடம் திரும்பினார். "பாலம் முடியும்வரை இடுப்பளவுத் தண்ணீரில் பானை சுமக்க ஓர் ஆள் வேண்டும். கல் எண்ணி நடக்க வைப்பதில் நீர் கெட்டிக்காரர். நீரே போய் நடந்து காட்டும்."

விடங்கர் போனார், தலையில் பானையோடு ஆற்றைக் கடந்தார். அந்த வருஷம் அந்த எட்டுப் பானை ஊரில் இறந்தவர்கள் மூன்றே பேர். கஷாயம்தான் காரணம் என்றார்கள் சிலர், பாலம்தான் என்றார்கள் சிலர். தம் தலைதான் காரணம் என்று விடங்கர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கூத்தரே முயன்றும் அதை மறுக்க முடியவில்லையாம்.