ஈயம் எடுத்த பெட்ரோல்

பொன்னுரங்கம் ஈரோட்டில் பழைய கார் தரகராக இருந்தவர். அந்தத் தொழிலில் அவர் வாயிலிருந்து வந்த உண்மைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்ஜின் இருமினால், “சிங்கம் மாதிரி உறுமுது பாருங்க” என்பார். ஐம்பத்தைந்து வயதில் எல்லாம் கசந்துபோய், பவானி ஆற்றங்கரையில் இருந்த வடிவம்மையின் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அவர் “அம்மா” என்பார், அம்மை “அண்ணா” என்பார்.

வந்த அன்றே ஒரு சபதம் எடுத்தார். இனி செத்தாலும் பொய் சொல்வதில்லை. மனுஷர் சொன்னால் சொன்னதுதான். சமையல்காரரிடம், ரசத்தை வாயில் வைக்க முடியவில்லை என்றார். பஜனை பாட வந்தவரிடம், சுருதியே சேரவில்லை என்றார். ஆசிரமத்தில் பாதிப் பேர் அவரைக் கண்டால் சுற்று வழியில் போனார்கள். அதையெல்லாம் அவர் சட்டை செய்யவில்லை.

மகள் கோகிலா விஷயம் அப்படியில்லை. அவள் பக்கத்து ஊரான கோபியில் தையல் கடை திறந்தாள். திறப்பு விழாவில் உறவெல்லாம் கூடி நிற்க, “எப்படிப்பா இருக்கு?” என்று ஆசையாகக் கேட்டாள்.

“ஆள் நடமாட்டமில்லாத வீதி. ஆறு மாசத்துல மூடிருவே” என்றார்.

அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். போன் செய்தாலும் எடுப்பதில்லை. தாயில்லாத பிள்ளை. அவருக்கும் அவளை விட்டால் யாரும் இல்லை. வெளியே விறைப்பாக நடமாடினாலும் உள்ளுக்குள் மனுஷர் நொறுங்கிப் போயிருந்தார்.

ஒருநாள் காலை அம்மைக்குக் கோபியில் வேலை இருந்தது. ஆசிரமத்துக்கு யாரோ தானமாகக் கொடுத்த அரதப்பழசான பெட்ரோல் கார் ஒன்று உண்டு. அதை ஓட்டுவது பொன்னுரங்கம்தான். ஊர் எல்லை தாண்டியதும் அவரால் அடக்க முடியவில்லை.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். நான் சத்தியத்த விடறதா, மகள விடறதா?”

அம்மை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வழியில் பெட்ரோல் பங்கில் பொன்னுரங்கம் வண்டியை நிறுத்தினார். வழக்கம்போல, பெட்ரோலில் கலக்கும் மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். அம்மை ஜன்னல் வழியே கையை நீட்டினார்.

“அதக் குடுங்க.”

கொடுத்தார். அம்மை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இனிமே இது வேண்டாம். சுத்தமான பெட்ரோல் மட்டும் போடுங்க.”

பொன்னுரங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அய்யோ, ஏனுங்கம்மா?”

“பெட்ரோல் சுத்தமானதுதானே?”

“சுத்தந்தானுங்க. முன்னெல்லாம் அதுல ஈயம் கலப்பாங்க. இப்ப எடுத்துட்டாங்க.”

“நல்லதுதானே?”

“ரொம்ப நல்லதுங்க. அந்தப் புகை கொழந்தைங்க ரத்தத்துல போய்ச் சேருற விஷமுங்க.”

“அப்புறம் இந்த வண்டிக்கு என்ன குறை?”

தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் பொன்னுரங்கத்தைப் பிடிக்க முடியாது. எதிரில் இருப்பது குரு என்பதே மறந்துவிட்டது.

“இது அந்தக் காலத்து இன்ஜினுங்கம்மா. வால்வு ஓயாம போய் இரும்பு மேல அடிச்சு அடிச்சு உக்காரும். ஈயம் விஷந்தான். ஆனா அது ரெண்டுக்கும் நடுவுல மெத்தையாட்டப் படிஞ்சிருந்துச்சு. எடுத்தவங்க சும்மா எடுத்துட்டாங்க. அந்த எடத்துல ஒண்ணும் வெக்கல. இப்ப இரும்ப இரும்பு அடிக்குது. இப்படியே ஓட்டுனா வால்வு உக்கார்ற எடமே தேஞ்சு போயிருமுங்க.”

“அப்ப பழையபடி ஈயத்தையே போட்டுரலாமா?”

“வேண்டவே வேண்டாமுங்க!”

“பெட்ரோல நிறுத்திரலாமா?”

“வண்டி எப்படிங்க ஓடும்?”

“பாட்டில்ல இருக்கறது?”

“இது ஈயமில்லீங்க. ஈயம் செஞ்ச நல்ல வேலைய மட்டும் இது செய்யும். ஒவ்வொரு தடவ பெட்ரோல் போடறப்பவும் மறக்காம...”

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று அம்மையின் முகத்தைப் பார்த்தார்.

அம்மை பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். “ஊத்துங்கண்ணா. பின்னாடி வண்டி நிக்குது.”

வண்டி கோபிக்கு வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் பொன்னுரங்கம், அம்மை போகவேண்டிய பக்கம் திரும்பாமல் வண்டியை வேறு பக்கம் திருப்பினார்.

“மொதல்ல ஒரு எடம் போயிட்டுப் போறமுங்க” என்றார். அனுமதி கேட்கிற குரலாக அது இல்லை.

கடையில் கோகிலா தனியாக மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“மூடிட்டனான்னு பாக்க வந்தீங்களா?”

“இல்ல கண்ணு.”

“அப்ப இன்னிக்காவது சொல்லுங்க. இந்தக் கடை ஓடுமா, ஓடாதா?”

இனிக்க இனிக்க ஒரு பொய், பழைய பழக்கத்தில், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொன்னுரங்கம் அதை விழுங்கினார்.

“இங்கயே உக்காந்திருந்தா ஓடாது.”

மிஷின் நின்றது. கோகிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நகரவில்லை.

“ஆனா உன் தையல்ல ஒரு கொறையும் இல்ல. இந்த வீதிக்கு ஆளுங்க வரமாட்டாங்க. நாம அவங்க இருக்கற எடத்துக்குப் போவோம். ஊர்ல இத்தன பள்ளிக்கூடம் இருக்குது. யூனிபார்ம் ஆர்டர் கேக்க நான் கூட வர்றேன். ஓடாத காரையே வித்தவன் நான். உன் தையல விக்க மாட்டனா? அன்னிக்குப் பாதிய மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன் கண்ணு.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூல் மேல் கிடந்த துணியை எடுத்தாள்.

“உக்காருங்கப்பா. டீ சொல்றேன்.”

டீ குடித்துவிட்டு வண்டிக்குத் திரும்பியவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சந்தோஷத்துக்கு நடுவிலும் மனுஷருக்கு ஒரு பயம்.

“அம்மா, சத்தியத்துல கலப்படம் பண்ணிட்டனுங்களா?”

“பங்க்ல மருந்து ஊத்துனீங்களே அண்ணா” என்றார் அம்மை, “அதுக்காகப் பெட்ரோலக் கொறச்சா போட்டீங்க?”