பாம்புக்கடி என்று தேடினால்

மலையடிவாரத்துத் தனியார் மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனித்து வந்தவள் செண்பகவல்லி. ஒருநாள் மருத்துவர்கள் கூடியிருந்த இடத்துக்கு முதலாளி குலோத்துங்கன் அவளை வரவழைத்தார்.

"பாம்புக்கடின்னு நெட்ல யார் தேடினாலும் நம்ம பேருதான் முதல்ல வரணும். அந்த வார்த்தையை நம்ம சைட்ல கீவேர்டா சேர்த்துடு."

"நம்மகிட்ட விஷமுறிவு மருந்தே இல்லியே சார்?"

"அது உனக்கெதுக்கு? சேர்க்க முடியாதுன்னா வேலையை விட்டுப் போ."

செண்பகவல்லி தணிந்த குரலில் சொன்னாள்:

"சேர்த்துடறேன் சார். கூடவே உங்க செல் நம்பரையும் போட்டுடறேன். கடிபட்டவங்களைத் தூக்கிட்டு வர்றவங்க மருந்து எங்கேன்னு உங்களையே கேட்டுக்கட்டும்."

முதலாளி மருத்துவர்களைப் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"மருந்து வரட்டும், அப்புறம் சேர்க்கலாம்" என்றார், மெதுவாக.

மறுவாரம் மருந்து வந்தது. குளிர்பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே அவள் அந்த வார்த்தையைச் சேர்த்தாள்.