இரண்டு மெக்கானிக்குகளும் ஒரு பம்ப்பும்

எத்திராஜுலு முப்பத்து மூன்று வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பெட்டிக்குள் நுழையும்போதே யாரிடம் டிக்கெட் இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அவர் ஓய்வு பெற்றார். அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. மகன் வீட்டில் அதே கண்ணோடு ஒரு வருடம் இருந்தார். மருமகள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். பிறகு மகனும் நிறுத்தினான். அதன் பிறகுதான் மலையடிவாரத்தில் பூரணி அம்மா நடத்திவந்த தியான இல்லத்துக்கு வந்து சேர்ந்தார்.

பூரணி அம்மாவுக்கு அவரைவிடப் பதினெட்டு வயது குறைவு. முன்பு நர்ஸாக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். எத்திராஜுலு அவரை அம்மா என்றார், அவர் இவரை ஐயா என்றார். யார் குரு, யார் சீடர் என்பதில் மட்டும் எத்திராஜுலுவுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

இல்லத்தில் ஒரு பழைய வேன் இருந்தது. புதன்கிழமைதோறும் மலைமேல் ஊர்களில் இருக்கும் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு, பதினோரு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வரும். அதை ஓட்டுவது எத்திராஜுலு.

ஒரு நாள் காலை வேனுக்கு அடியில் தோசை அகலத்துக்கு எண்ணெய் கிடந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி முனகியது.

நெடுஞ்சாலையில் பட்டறை வைத்திருந்த பிச்சைமுத்துவிடம் கொண்டுபோனார். அவர் அடியில் கையை விட்டுத் துழாவி, விரலை முகர்ந்து பார்த்தார். பவர் ஸ்டீயரிங் பம்ப் கசிகிறது, பழசு, புதுசு போட்டுவிடுங்கள் என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் பின்னால் அலமாரியில் புதிய பம்ப்புகள் அட்டைப் பெட்டிகளில் வரிசையாக இருந்தன. எத்திராஜுலு அந்தப் பெட்டிகளைப் பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்து, ஊருக்குள் தகரக் கொட்டகையில் வேலை பார்த்த சந்தியாகு. அவர் பெல்ட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, அரை மணி நேரம் பார்த்தார். பம்ப் நல்ல பம்ப், எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல்தான் போயிருக்கிறது, சீலை மாற்றினால் இன்னும் சில வருடம் ஓடும் என்றார். சொல்லும்போது சிரித்தார். எத்திராஜுலுவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பழுது பார்த்துப் பிழைக்கிறவன் பழுது பார்க்கச் சொல்லாமல் வேறு என்ன சொல்வான், மூன்று மாதத்தில் மறுபடி வரவைப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இரண்டு மெக்கானிக்குகளும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். இரண்டு பேரும் கூட்டோ என்று தோன்றியது.

பூரணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எத்திராஜுலு எதிரில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். அட்டைப் பெட்டி, சிரிப்பு, டீக்கடை பெஞ்சு, ஒன்றையும் விடவில்லை.

"இந்த ரெண்டு பேர்ல யாரை அம்மா நம்பறது?"

பூரணி அம்மா கீரையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வேன் அருகே போனார். குனிந்து அதன் அடியில் உள்ளங்கையை நீட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அந்தக் கையை எத்திராஜுலுவின் முன் காட்டினார்.

"புதன்கிழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணைச் செஞ்சிடுங்க ஐயா."

"எதை அம்மா?"

"எதையாவது."

அம்மாவுக்கு மனுஷ மனசு தெரியும், வண்டி விவகாரம் தெரியாது என்று எத்திராஜுலு தீர்மானித்துக்கொண்டார். இந்தப் புதிரை அவரே அவிழ்க்க வேண்டியதுதான். மறுநாளே விசாரணையில் இறங்கினார். டீக்கடைக்காரரைக் கேட்டார். இரண்டு பேருமே நல்ல வேலைக்காரர்கள் என்று அவர் சொன்னதும், டீக்கடைக்காரர் மீதும் சந்தேகம் வந்தது. வேனின் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் மார்க்கரால் கோடு போட்டு, தினமும் காலையில் அளவு பார்த்தார். அளவு முன்னைவிட வேகமாக இறங்கியது. சந்தியாகு திறந்து பார்த்தபோது வேண்டுமென்றே எதையோ தளர்த்திவிட்டான் என்று தோன்றியது. பிச்சைமுத்துவின் பட்டறைக்கு எதிரில் ஒரு மத்தியானம் முழுக்க நின்று, எத்தனை பேருக்குப் புது பம்ப் போடச் சொல்கிறார் என்று கவனித்தார். ஒருவருக்கும் சொல்லவில்லை. தன்னைப் பார்த்துவிட்டான் என்று நினைத்தார்.

புதன்கிழமை வந்தது. குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு வண்டியை எடுத்தார்.

"வண்டி ஆச்சா ஐயா?" என்று வாசலில் பூரணி அம்மா கேட்டார்.

"பாத்துக்கிட்டேன் அம்மா."

அது பொய் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்.

இப்படி ஐந்து புதன்கிழமைகள் போயின. முனகல் உறுமலாகியது. வண்டியில் வருகிறவர்கள் கேட்டால், மலை ஏறும் வண்டி அப்படித்தான் சத்தம் போடும் என்றார்.

ஆறாவது புதன்கிழமை ஏழு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கினார். எட்டாவது வளைவில் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து, இருக்கையைவிட்டு எழுந்து, உடம்பின் முழு கனத்தையும் போட்டு இழுத்தார். பாதிதான் திரும்பியது. பிரேக்கை மிதித்தார். வேன் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே போய், முன்சக்கரம் கல்லில் ஏறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

உள்ளே ஆறு பேருக்கு அடியில்லை. கண் பரிசோதனைக்காக வந்த வெள்ளச்சி என்ற அம்மாள் மட்டும் முன் கம்பியில் மோதிக் கீழே விழுந்து கிடந்தார். அவருடைய வலது மணிக்கட்டு வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. எத்திராஜுலு அதைத் தொடப் போனார். வெள்ளச்சி தன் கையை இழுத்துக்கொண்டார்.

பின்னால் வந்த பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டது.

வேனைக் கட்டி இழுத்துப்போனது சந்தியாகு. மறுநாள் அவர் பம்ப்பைப் பிரித்து எத்திராஜுலுவின் முன்னால் வைத்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "அன்னிக்கு சீல் போட்டிருந்தா போதும். ஆயில் பத்தாம ஓடி உள்ள எல்லாம் தேஞ்சிடுச்சு. இனிமே இதுல கை வைக்க ஒண்ணுமில்ல. புதுசுதான் போடணும். பிச்சைமுத்து அண்ணன்கிட்ட இருக்கு, வாங்கிட்டு வாங்க" என்றார்.

எத்திராஜுலு அந்தப் பெயரைக் கேட்டதும் வெளியே வந்தார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

எலும்பு சிகிச்சை வார்டில் வெள்ளச்சி மாவுக்கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தார். பூரணி அம்மா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். வண்டி ஆச்சான்னு ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், மறுபடியும் கேட்டிருக்கணும், அது என்னோட தப்பு என்று வெள்ளச்சியிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது எத்திராஜுலுவின் காதில் விழுந்தது. அதை அவர் யோசிக்கவில்லை. சொல்ல வந்ததை அடக்க முடியவில்லை.

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன் அம்மா. சீல் போதும்னு சொன்னவனே இப்போ புதுசு போடுங்கறான். அதுவும் அந்தப் பிச்சைமுத்து கடையிலயே வாங்கணுமாம். ரெண்டு பேரும் கூட்டு. இப்போ உறுதியாயிடுச்சு."

பூரணி அம்மா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். வெள்ளச்சியின் வாயைத் துடைத்துவிட்டார்.

"புதுசு போடச் சொன்னது பிச்சைமுத்து."

"ஆமா அம்மா."

"சீலை மாத்தச் சொன்னது சந்தியாகு."

"ஆமா."

"அப்படியே ஓட்டச் சொன்னது யாருங்க ஐயா?"