தேத்தாங்கொட்டை தேச்ச குடம்

ஒரு ஊர்ல ஒரு தையல்நாயகி இருந்தாளாம். தையலுன்னுதான் கூப்பிடுவாங்க. ஊரோரம் ஓடுற ஆத்துத் தண்ணிய மழைக்கு ஒருக்கா, பனிக்கு ஒருக்கா, வெயிலுக்கு ஒருக்கா பாட்டில்ல புடிச்சு டவுன் ஆபீசுல குடுக்குறது அவ வேலை. அதுல உப்பு எவ்வளவு, சேறு எவ்வளவுன்னு அங்க சோதிப்பாங்க. ம் கொட்டு. ஆங்.

"நடு ஆத்துல எறங்கி, அந்தத் தண்ணியாலயே பாட்டில மூணு தடவை அலசிட்டுப் புடிம்மா. இருக்குறது இருக்குற மாதிரியே வரணும்"னு ஆபீஸ்காரர் சொல்லியிருந்தாரு. நம்ம தையல் கேட்டுட்டாலும்!

மொதல்ல மழை. ஆறு செக்கச்செவேல்னு ஹோஹோன்னு வருது. "அய்யய்யே, இந்தக் கலங்கலயா அனுப்புறது? நம்ம ஊரப் பத்தி என்ன நெனைப்பாங்க?"ன்னா. விருந்தாளிக்குச் சொம்புல தண்ணி குடுக்குற நெனப்பு அவளுக்கு! குடத்து உள்பக்கம் தேத்தாங்கொட்டைய கரகரன்னு தேச்சு, ஆத்துத் தண்ணிய ஊத்தி வச்சா. சேறு அடியில உக்காந்துது. மேல தெளிஞ்சத மட்டும் குடுத்துட்டா.

அப்புறம் பனி வந்துது. தண்ணி தெளிவுதான், ஆனா பாசி. அதையும் துணியில வடிகட்டிட்டா.

அப்புறம் வெயில். ஆறு வத்தி, நடுவுல வாய்க்காலாட்டம் ஓடுது. அடுப்புல ரசம் வத்தினா கரிக்கும்ல? அதே மாதிரி, தண்ணி கொறையக் கொறைய உப்பு ஏறிப்போச்சு. அங்க போகணும்னா முட்டியளவு சேறு, சளக் புளக். தையல் போகல. கரை மணல்ல ஊத்துத் தோண்டினா. கோடையில குடிக்க ஊரே அப்படித்தான் எடுக்கும். இளநியாட்டம் இருந்த அந்தத் தண்ணியப் புடிச்சுக் குடுத்துட்டா.

"எல்லாக் காலத்துலயும் உங்க ஊர்த் தண்ணி நல்ல தண்ணி. பயிருக்குத் தாராளமாப் பாய்ச்சலாம்"னு ஆபீசுல சொன்னாங்க. தையலுக்குத் தலைகால் புரியல!

அதக் கேட்டுட்டு, ஆத்தோரத் தோட்டக்காரி செங்கமலம், கோடையில சும்மா கெடக்குற நெலத்துல கீரை போட்டா. மழைக்குன்னு எடுத்து வச்ச வெதையையும் சேத்துப் போட்டா. அந்தத் தோட்டத்த விட்டா அவளுக்கு வேற பொழப்பு கெடையாது. நடு ஆத்துலேர்ந்து தண்ணி எறைச்சு ஊத்தினா. கீரை மொளச்சுது. அப்புறம் எல ஓரமெல்லாம் கருகுச்சு. அப்புறம் அம்புட்டும் போச்சு.

தையல் போய்ப் பாத்தா, வரப்புல குந்தியிருக்கா செங்கமலம். "தண்ணி நல்லதுன்னு ஆபீசுலயே சொல்லிட்டாங்க. என் கைதான் வெளங்காத கை, தையலு. இனிமே வெதையத் தொடமாட்டேன்"னா.

தையலுக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துது. வீட்டுக்கு ஓடிட்டா. சொல்லிப்புடணும்னு செங்கமலம் தோட்டத்து வேலி வரைக்கும் வந்தா, திரும்பிட்டா. மறுபடி வந்தா, திரும்பிட்டா. மூணாந்தடவை வேலிக்கு வரல, நேரா ஆத்துக்குப் போனா. சளக் புளக், சளக் புளக். நடு ஆத்துத் தண்ணியில குளுகுளுன்னு மூணு தடவை அலசி, பாட்டில ரொப்பிட்டு செங்கமலத்துக்கிட்ட வந்தா.

"நாக்குல வச்சுப் பாரு."

"த்தூ! என்னடி இப்படிக் கரிக்குது?"

"இதுதான் நம்ம ஆறு. நான் குடுத்தது ஊத்துத் தண்ணி. ஊருக்குப் பேரு கெட்டுருமேன்னு மறைச்சுட்டேன். உன் கீரையக் கருக்கினது நான்தான்."

செங்கமலம் திட்டல கண்ணு. ரெண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தா. "அப்போ... என் கை நல்ல கைதானே, தையலு?"

நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பா. அந்த ஒரு கேள்வி தாங்கல தையலுக்கு. வெக்கத்துல குறுகிப் போயி, அப்படியே சேத்துக் காலோட ஆபீசுக்குப் போயி, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. "மொதல்ல காலக் கழுவும்மா"ன்னாங்க. கழுவல.

அப்புறம் மழை வந்துது. தன் வீட்டு வெதைய செங்கமலத்துக்குக் குடுத்தா. அவ போட்டா, கீரை தளதளன்னு வந்துது. ஆனாலும் அந்தத் தோட்டத்தத் தாண்டும்போது தையல் தல குனிஞ்சுதான் போவா. கையில பாட்டில் இருக்கும். செக்கச்செவேல்னு, கலங்கலா, ஆறு எப்படியோ அப்படி.

கத கரையேறிடுச்சு. ம் சத்தத்தக் காணோமே? சரி சரி, தூங்கு கண்ணு, தூங்கு.